ஒட்டியதைக் கழற்றிப் பார்த்தல்: முல்தானி மிட்டி, கிரஷர் தூள், விண்கல்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரஷர்களில் எம்-சாண்ட் பரிசோதிப்பவர்களுக்கு மெத்திலீன் ப்ளூ பழகிய பொருள். மணலில் களி கலந்திருந்தால் கான்கிரீட் வலுவிழக்கும். எவ்வளவு களி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே மணலின் நுண்தூளைத் தண்ணீரில் கலக்கி, நீலச் சாயத்தைச் சிறிது சிறிதாக விட்டு, அவ்வப்போது கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் வைப்போம். களி சாயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, நடுவில் அடர்நீலப் பொட்டும் சுற்றிலும் நிறமில்லாத ஈரமுமே தெரியும். களியின் பரப்பு நிரம்பியதும் மிஞ்சிய சாயம் தண்ணீரோடு கசிந்து, பொட்டைச் சுற்றி 1 மில்லிமீட்டர் அகலத்தில் வெளிர்நீல வளையம் விழும். 5 நிமிடம் கலக்கிய பிறகும் வளையம் நிலைத்தால் சோதனை முடிந்தது.

பல ஆண்டுகளாகச் செய்துவரும் இந்தச் சோதனையை, விண்கல்லில் கரிம மூலக்கூறுகள் எப்படி ஒட்டி நிற்கின்றன என்ற வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது 2025 ஜனவரியில். பென்னு என்ற சிறுகோளிலிருந்து ஒசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்குக் கொண்டுவந்த 121.6 கிராம் மாதிரியின் ஆய்வு முடிவுகள் அப்போது வெளியாயின. உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலுமாகச் சேர்த்து உள்ள 5 நைட்ரஜன் காரங்களும் இருந்தன. எல்லாரும் அந்த மூலக்கூறுகளைப் பற்றிப் பேசினார்கள். என் கவனம் அவை தங்கியிருந்த கல்லின் மேல் போனது. பென்னுவின் கல் பெரும்பாலும் செர்பென்டைன், சப்போனைட் என்ற கனிமங்களால் ஆனது. இரண்டும் அடுக்கடுக்கான கனிமங்கள். தண்ணீர் பட்டு மாறிய பாறையில் உருவாகிறவை. சப்போனைட், நாங்கள் மணலில் வேண்டாம் என்று தேடிப் பிடிக்கும் களியின் நெருங்கிய உறவு.

மெத்திலீன் ப்ளூ ஒரு கரிமச் சேர்மம். களி ஒரு கனிமம். ஆக, கரிம மூலக்கூறு கனிமப் பரப்பில் ஒட்டுவதைத்தான் நாங்கள் தினமும் வடிதாளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிளஸ் டூ பாடத்தில் இதற்குப் புறப்பரப்புக் கவர்தல் என்று பெயர். ஆனால் ஒட்டியிருக்கிறது என்று மட்டும் காட்டினால் பாதி விடைதான் கிடைக்கும். எப்படி ஒட்டியது என்பது அதைக் கழற்ற முயலும்போதுதான் தெரியும். தண்ணீருக்கு வருகிறதா, உப்புக்கு வருகிறதா, ஸ்பிரிட்டுக்கு வருகிறதா, சூட்டுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். விண்கல் ஆய்வகங்களிலும் இதே வரிசைதான். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லின் தூளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 100 டிகிரி சூட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் வைப்பார்கள். அதில் வருவது ஒரு பங்கு. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சிதைத்தால் இன்னொரு பங்கு அமினோ அமிலங்கள் வெளிப்படும். அந்தக் கல்லிலுள்ள கரிமப் பொருளில் பெரும்பகுதி எந்தக் கரைப்பானுக்கும் அசையாது. அதைத் தனியே பெற வேண்டுமென்றால் கனிமத்தையே அமிலத்தில் கரைத்து நீக்க வேண்டும்.

வீட்டில் அந்த அளவுக்குப் போக முடியாது. முதல் சில படிகளைச் செய்ய முடியும்.

சேகரித்த பொருள்கள் இவை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் முல்தானி மிட்டி. இது பெரும்பாலும் மாண்ட்மோரில்லோனைட் வகைக் களி. வாசனை சேர்க்காத கட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும், முகப்பூச்சாக விற்கும் பொட்டலம் இதற்கு ஆகாது. இரண்டாவது, கிரஷர் தூளில் 75 மைக்ரான் சல்லடை வழியாக இறங்கியது. மூன்றாவது, பாலக்கோடு பக்கத்துச் செம்மண். இதில் இரும்பு ஆக்சைடு அதிகம். நான்காவது, சேலம் சுண்ணாம்புக் கரட்டிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்த டுனைட் கல். டுனைட்டில் முக்கியமாக இருப்பது ஒலிவின், அதாவது மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த சிலிக்கேட். விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசியிலும் வால்நட்சத்திரத் தூசியிலும் ஒலிவின் வகைச் சிலிக்கேட் உண்டு என்பதால் அந்தக் கல் எனக்குத் தங்கம் போன்றது. பென்னு போன்ற சிறுகோள்களில் தண்ணீர் படுவதற்கு முன் இருந்த கல்லில் ஒலிவின் இருந்தது. தண்ணீர் பட்ட பின் ஆனது செர்பென்டைனும் களியும். ஆகவே டுனைட்டையும் முல்தானி மிட்டியையும் அருகருகே வைத்தால் அந்த மாற்றத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஓரளவு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. கல்தூளை உலர்ந்த நிலையில் சலிக்காதீர்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்தால் திரும்பாது. கிரஷர் வேலையில் இருப்பவர்களுக்கு அது என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஈரமாகச் சலித்து, பிறகு உலர்த்த வேண்டும். மெத்திலீன் ப்ளூவுக்குக் கையுறை போடுங்கள், வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்ணமீன் கடைகளில் மருந்தாக விற்கும் கரைசல் போதும், ஆனால் அதன் அடர்வு புட்டியில் எழுதியிருக்க வேண்டும். நான் எடுத்தது 1 சதவீதக் கரைசல். 1 மில்லியில் 10 மில்லிகிராம் சாயம்.

முதலில் வளையச் சோதனை. 1 கிராம் முல்தானி மிட்டியை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துக் கலக்கி, சாயத்தை 1 மில்லி வீதம் விட்டேன். வளையம் நின்றது 15 மில்லி அளவில். கிரஷர் தூளில் 1 கிராம் எடுத்தால் முதல் மில்லியிலேயே நிரம்பிவிடும். எனவே 10 கிராம் எடுத்தேன். அதற்கு 4 மில்லி போதுமாக இருந்தது. டுனைட் தூளும் 10 கிராம். முதல் மில்லியிலேயே வளையம் வந்துவிட்டது. செம்மண் இவற்றுக்கு இடையில், கிரஷர் தூளுக்கு மேலே, முல்தானி மிட்டிக்கு வெகு கீழே.

ஒரு கிராமுக்கு என்று கணக்கிட்டால் முல்தானி மிட்டி 150 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கிறது, கிரஷர் தூள் 4 மில்லிகிராம், டுனைட் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். கனிமப் பரப்பில் படுத்துக் கிடக்கும் ஒரு மெத்திலீன் ப்ளூ மூலக்கூறு அடைக்கும் இடம் சுமார் 1.3 சதுர நானோமீட்டர். 150 மில்லிகிராமில் இருப்பவை ஏறக்குறைய 2.8 × 10^20 மூலக்கூறுகள். பெருக்கினால் 360 சதுர மீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர்க் கணக்கில் 9 சென்ட். ஒரு கிராம் மண்ணுக்குள் ஒரு வீட்டுமனைக்கும் அதிகமான இடம் மடிந்து கிடக்கிறது.

அந்த இடம் மணிகளின் வெளிப்புறத்தில் இல்லை. 10 மைக்ரான் அளவுள்ள வழவழப்பான கல்மணிகள் ஒரு கிராம் இருந்தால் அவற்றின் மொத்த வெளிப்பரப்பு கால் சதுர மீட்டர்கூடத் தேறாது. மாண்ட்மோரில்லோனைட் சுமார் 1 நானோமீட்டர் தடிப்புள்ள தாள்களின் அடுக்கு. தண்ணீர் உள்ளே போனால் தாள்கள் விலகி இடம் கொடுக்கும். தாளுக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தாள் முழுவதற்கும் எதிர்மின் சுமை. அதைச் சமன்செய்யச் சோடியமும் கால்சியமும் நேர்மின் அயனிகளாக இடுக்குகளில் நிற்கும். மெத்திலீன் ப்ளூ நேர்மின் மூலக்கூறு. அது உள்ளே நுழைந்து சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. கிரஷர் தூளுக்கு 10 சதுர மீட்டர் போல வந்ததும் இதனால்தான். குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மட்டும் அவ்வளவு பிடித்திருக்க முடியாது; சிதைந்த மைக்காவும் கொஞ்சம் களியும் உள்ளே இருக்கின்றன.

9 சென்ட் என்பதை மேல்வரம்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான சாட்சி நிறத்திலேயே இருக்கிறது. சாயம் நிரம்பிய முல்தானி மிட்டி நீலமாக இருப்பதில்லை, ஊதாவாக மாறிவிடுகிறது. மெத்திலீன் ப்ளூ மூலக்கூறுகள் தனித்தனியே இருக்கும்போது சிவப்பு ஒளியை விழுங்கும், அதனால் நீலம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டால் விழுங்கும் ஒளி மஞ்சள், பச்சைப் பக்கம் நகரும், அதனால் ஊதா. ஆக எல்லா மூலக்கூறும் படுத்துக் கிடக்கவில்லை. சில ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. பரப்பு மூலக்கூறுகளைப் பிடிப்பதோடு நிற்காமல் அருகருகே நெருக்கியும் வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. களி மூலக்கூறுகளைச் செறிவாக்கி உயிரின் தொடக்கத்துக்கு உதவியிருக்கலாம் என்று பிரிட்டன் அறிவியலாளர் ஜே. டி. பெர்னல் 1940-களின் இறுதியிலேயே சொன்னார். 1996-ல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் ஃபெரிஸின் குழுவினர் மாண்ட்மோரில்லோனைட்டின் மேல் 50-க்கு மேற்பட்ட கண்ணிகள் கொண்ட ஆர்.என்.ஏ. சங்கிலியை வளர்த்துக் காட்டினார்கள். ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் ஊதா நிறம் பரவுவதைப் பார்க்கும்போது அந்த இரண்டு செய்திகளும் வெறும் பாடமாக இல்லாமல் கைக்கு எட்டிய பொருளாகின்றன.

அடுத்து கழற்றும் வேலை. ஊதாக் களியைத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு, புதிய தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். மேல்நீர் தெளிவாகவே நின்றது. உப்புக் கரைசல் ஊற்றினால் இலேசான நீலம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஸ்பிரிட்டும் உப்புநீரும் சேர்ந்தபோது நன்றாகவே நீலம் இறங்கியது, ஆனாலும் களியின் நிறம் போகவில்லை. இதிலிருந்து தெரிவது இரண்டு பிடிகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்பது. ஒன்று மின்சுமையின் பிடி. அதை உப்பு அயனிகள் போட்டியிட்டுத் தளர்த்தும். மற்றது மூலக்கூறின் தட்டையான வளையங்களுக்கும் தாளுக்கும், பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலுள்ள வாண்டர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு. அதை ஸ்பிரிட் தளர்த்தும். ஒன்றை மட்டும் தளர்த்தினால் மற்றது விடாது. டுனைட்டில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சச் சாயமோ வெறும் தண்ணீருக்கே பாதி போய்விட்டது.

மின்சுமைதான் காரணம் என்பதை உறுதிசெய்ய எதிர்மின் சாயம் வேண்டும். அது சமையலறையிலேயே இருக்கிறது. கேசரி பவுடர். அதிலுள்ள டார்ட்ராசின், சன்செட் யெல்லோ இரண்டும் தண்ணீரில் எதிர்மின் மூலக்கூறுகளாகப் பிரியும். வெளிர்மஞ்சளாகக் கரைத்து முல்தானி மிட்டியில் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுவதும் தெளியவிட்டேன். மறுநாள் மேல்நீர் அதே மஞ்சள். 9 சென்ட் நிலம் இருந்தும் ஒரு மூலக்கூறுக்கும் இடமில்லை என்பது போல.

செம்மண்ணில் கதை மாறுகிறது. இரும்பு ஆக்சைடின் பரப்பு அமில நீரில் நேர்மின் சுமை பெறும். கேசரிக் கரைசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்துச் செம்மண்ணோடு குலுக்கித் தெளியவிட்டபோது மஞ்சள் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளுத்தது. பிறகு மேல்நீரை இறுத்துவிட்டு சமையல் சோடாக் கரைசலை ஊற்றினேன். மஞ்சள் திரும்பி வந்தது. அமிலத்தில் ஒட்டி, காரத்தில் கழன்றுகொண்டது. வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் இது சரியாக வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமே ஒரு கரிம மூலக்கூறுதான். மூன்று கைகளால் இரும்பைப் பற்றிக்கொண்டு, சாயம் உட்கார வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

அமினோ அமிலங்களிலும் இதே பிரிவினை உண்டு. நடுநிலையான நீரில் லைசின், ஆர்ஜினின் போன்றவை நேர்மின் சுமை கொண்டவை. களி அவற்றை நன்றாகப் பிடிக்கும். அஸ்பார்டிக் அமிலமும் குளூட்டாமிக் அமிலமும் எதிர்மின் சுமை கொண்டவை. களி அவற்றை அவ்வளவாகப் பிடிக்காது, இரும்பு ஆக்சைடு பிடிக்கும். ஆகவே ஒரு விண்கல்லில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பார்த்து, அங்கே முதலில் உருவானது அவ்வளவுதான் என்று முடிவுகட்ட முடியாது. எந்தக் கனிமம் எதைப் பிடித்து வைத்தது, எதைத் தண்ணீரோடு போகவிட்டது என்ற கணக்கும் அதில் கலந்திருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது முன்பு. நம்பியது மஞ்சளும் நீலமும் ஒரே களியில் எதிரெதிராக நடந்துகொண்டதைப் பார்த்த பிறகு.

இதுவரை எல்லாமே தண்ணீருக்குள் நடந்தது. விண்வெளியில் முதலில் ஒட்டுவது தண்ணீரில் இல்லை. ஆவியாக மிதக்கும் மூலக்கூறு நேராகத் தூசியின் உலர்ந்த பரப்பில் வந்து மோதி ஒட்டுகிறது. அதற்கு நெருக்கமான ஒரு சோதனைக்குக் கற்பூரம் உதவியது. திண்மநிலையிலிருந்து நேரே ஆவியாகும். அதற்கு நிகர மின்சுமை இல்லை. மூக்கே கருவி.

நான்கு தூள்களையும் இரும்புத் தவாவில் வறுத்து ஈரத்தை ஓட்டினேன். சூடு ஆறுவதற்குள் சிறு கிண்ணங்களில் போட்டு, அகலவாய் ஊறுகாய் ஜாடிக்குள் கற்பூரத்தோடு வைத்து இறுக மூடினேன். ஓர் இரவு. மறுநாள் கிண்ணங்களை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். எடை பார்த்துச் சொல்லலாமே என்று தோன்றும். நகைத் தராசு இருந்தாலும் அது இங்கே உதவாது. வறுத்த களி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் வேகம், கற்பூரத்தின் எடையை மூழ்கடித்துவிடும். எனவே மூக்கையே நம்பினேன். ஆனால் என் மூக்கை நம்பவில்லை. எந்தக் கிண்ணத்தில் என்ன என்று எனக்குத் தெரியும். அக்கா மகளை அழைத்துக் கண்ணைக் கட்டி முகரச் சொன்னேன்.

காற்றாடிய பிறகு கிரஷர் தூளிலும் டுனைட்டிலும் வாசனை இல்லை என்றாள். முல்தானி மிட்டியில் மிக இலேசாக. இப்போது ஒவ்வொரு கிண்ணத்திலும் சில துளி தண்ணீர் தெளித்தேன். முல்தானி மிட்டிக் கிண்ணத்தை முகர்ந்ததும் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்றாள். களிக்குள் ஒட்டியிருந்த கற்பூரத்தைத் தண்ணீர் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கிரஷர் தூளில் தண்ணீர் தெளித்தும் எதுவும் எழவில்லை. ஒட்டியிருந்த கொஞ்சமும் காற்றிலேயே போய்விட்டிருந்தது. செம்மண்ணில் வாசனை எழுந்தது.

“மாமா, இது கற்பூரமா, வெறும் மண் வாசனையா?” என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வி. கற்பூரம் காட்டாத செம்மண்ணையும் அதே போல வறுத்து, தண்ணீர் தெளித்துப் பக்கத்தில் வைத்தேன். அவளால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஆனால் அவள் கேள்வியில் இருந்த மண் வாசனையே இந்த விஷயத்தின் நடுவில் இருக்கிறது. கோடையில் தருமபுரி மானாவாரிக் காடுகள் காய்ந்து கிடக்கும்போது செடிகளிலிருந்தும் மண்ணின் நுண்ணுயிர்களிலிருந்தும் வரும் எண்ணெய்ப் பொருள்கள் மண்ணிலும் பாறையிலும் ஒட்டிச் சேர்கின்றன. முதல் மழைத்துளி அவற்றைப் பரப்பிலிருந்து தள்ளி வெளியேற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவரும் காய்ந்த பாறைகளை நீராவியில் வடித்து அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து 1964-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் செய்கிறவர்கள் சுட்ட மண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் அந்த வாசனையைப் பிடிப்பது அதற்கும் முந்தைய தொழில். சிறுகோளில் நடந்ததும் நம் மேட்டுநிலத்தில் முதல் மழைக்கு நடப்பதும் வேதியியலில் ஒரே வகைப் போட்டி: பரப்பு யாருக்கு, கரிம மூலக்கூறுக்கா, தண்ணீருக்கா.

சூரியக் குடும்பம் உருவான முதல் சில மில்லியன் ஆண்டுகளில், அலுமினியம்-26 என்ற கதிரியக்க ஐசோடோப்பு சிதைந்த சூட்டில் சிறுகோள்களுக்குள் இருந்த பனி உருகியது. அந்தத் தண்ணீர் ஒலிவினைக் களியாக மாற்றி, ஒட்டுவதற்கான இடத்தைப் பல மடங்கு பெருக்கியது. அதே தண்ணீர் பரப்புக்காகப் போட்டியும் போட்டது. கற்பூரத்தைப் போல மின்சுமையில்லாத மூலக்கூறுகள் எளிதில் தள்ளப்பட்டிருக்கும். மெத்திலீன் ப்ளூவைப் போல நேர்மின் சுமையோடு இடுக்கில் புகுந்தவை நின்றிருக்கும். களி உள்ள இடத்தில் கரிமம் நிறைய இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கரிமம், எந்தப் பிடியில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கும் முந்தைய கட்டம் குளிர். அதை வீட்டில் செய்ய வழியில்லை, ஆனால் கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பாக இருந்த பகுதி இது. ஒரு மூலக்கூறு பரப்பில் ஒட்டியிருக்கும் சராசரி நேரம், பிடியின் வலிமையை வெப்பநிலையால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்து அடுக்குக்குறியாக ஏறும். பரப்பில் மூலக்கூறு ஒரு முறை அதிர எடுக்கும் நேரத்தை ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடு போன்ற பலவீனமான பிடியுள்ள மூலக்கூறுக்குப் பிடியின் வலிமையைக் கெல்வின் அலகில் தோராயமாக 1000 என்று எடுத்தேன். 40 கெல்வினில், அதாவது மைனஸ் 233 டிகிரி செல்சியஸில், அது ஒட்டியிருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 30 கெல்வினில் 5 நிமிடம். 20 கெல்வினில் 160 ஆண்டு. விண்மீனிடை மேகத்தின் இருண்ட நடுப்பகுதியில் உள்ள 10 கெல்வினில் 10^31 நொடி. பிரபஞ்சத்தின் வயதே 10^18 நொடியை எட்டவில்லை.

அதாவது அந்தக் குளிரில் எது எதில் ஒட்டுகிறது என்ற பாகுபாடே தேவையில்லை. டுனைட் போல நம் வீட்டில் எதையும் பிடிக்காத பரப்பும் அங்கே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். கனிமத்துக்குக் கனிமம் வேறுபாடு தெரியத் தொடங்குவது சூடேறும்போதுதான். ஆய்வகங்களில் வெற்றிடத்தில் ஒரு சிலிக்கேட் பரப்பை 10 கெல்வினுக்குக் குளிர்வித்து, வாயுவைப் படியவிட்டு, மெல்லச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் எது கழன்று வருகிறது என்று, மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் நிறைமானியில் பார்க்கிறார்கள். குளிரில் ஒட்டவைப்பது எளிது, தகவல் எல்லாம் கழல்வதில் இருக்கிறது.

சூட்டைப் பற்றி யோசித்தபோது இன்னொரு சோதனை கிடைத்தது. சில விண்கற்களின் மூலச் சிறுகோள்கள், களி உருவான பிறகு மீண்டும் சூடாகியிருக்கின்றன. அப்படிச் சூடான கல்லில் களியின் அடுக்குகள் நீரை இழந்து குலைந்துவிடும். முல்தானி மிட்டியைத் தவாவில் நன்றாக வறுத்து, ஆறவைத்து, வளையச் சோதனை செய்தேன். கிட்டத்தட்ட முன்பு பிடித்த அளவே பிடித்தது. இடுக்கிலிருந்த தண்ணீர் போயிருந்தாலும், திரும்ப ஊறவைத்ததும் தாள்கள் விலகிக்கொண்டன. பிறகு ஒரு கட்டியைக் குயவர் ஒருவரிடம் கொடுத்து, பானைகளோடு சூளையில் வைக்கச் சொன்னேன். அந்தப் பெரியவர் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது பானைக்கு ஆகாத மண் தம்பி, வெடிக்கும்” என்றார். வெடிக்கத்தான் செய்தது, துண்டுகளைப் பொறுக்கி இடித்துச் சலித்தேன். செங்கல் நிறத்துக்கு மாறியிருந்த அந்தத் தூளுக்கு 2 மில்லி சாயத்திலேயே வளையம் நின்றது. அதே மண், அதே எடை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொண்டதால் உள்ளே போக வழியில்லை.

சுட்ட தூளைத் தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் ஊறவைத்தும் பார்த்தேன். மீளவில்லை. தவாவின் சூட்டுக்கும் சூளையின் சூட்டுக்கும் இடையே எங்கோ அடுக்குகள் நிரந்தரமாக மூடிக்கொள்கின்றன. அது எந்த வெப்பநிலை என்று இந்த மண்ணுக்குத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தருமபுரியில் பல் கட்டும் லேப் ஒன்றில் வெப்பநிலையைக் குறித்து வைக்கக்கூடிய சிறிய மின்உலை இருக்கிறது. இரவில் அது சும்மா கிடக்கும் நேரத்தில் 1 கிராம் பொட்டலங்களை 300 டிகிரியிலிருந்து 100 டிகிரி இடைவெளியில் வைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் பாதியைச் சாயம் ஏற்றிய களியாகவே வைக்கப்போகிறேன். இடுக்கில் மூலக்கூறு இருக்கும்போது தாள்கள் மூடிக்கொண்டால் உள்ளே எஞ்சுவது கரியாக இருக்கும். சுட்ட துண்டை உடைத்தால் நடுவில் கறுப்பு தெரிகிறதா, அதை ஸ்பிரிட்டும் உப்பும் அசைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.